உளியும் பள்ளிக்கூடமும்: கெடுத்துப் படிக்க ஓர் இடம்

எங்கள் பத்தாம் வகுப்பு செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கோட்டாறு, வடசேரி, இடலாக்குடி என்று அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்கள். இப்போது பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும் என்று பேச்சு வந்தபோது ஒருவர் த்ரீடி பிரிண்டர் வாங்கலாம் என்றார், இன்னொருவர் தண்ணீர் சுத்திகரிப்பு என்றார். நான் வேறொன்று எழுதினேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மரவேலை அறை: நாலு பணிமேசை, கொஞ்சம் உளி, வாள், இழைப்புளி, வாரம் ரெண்டு மணி நேரம்.

அரை மணி நேரம் கழித்து ஒரு நண்பனிடமிருந்து பதில் வந்தது. அவன் அப்பா ஆசாரி. அவன் இப்போது ஒரு வங்கியில் மேலாளர்.

"எங்க அப்பா கடைசி வரைக்கும் உளிய எங்கையில தரல. பட்டறைக்குள்ள கால் வச்சாலே அடிதான். அப்பிடிப் படிச்சுதான் நான் பேங்குக்கு வந்தேன். இப்ப நீ பிள்ளையளுக்கு உளி குடுக்கப் போறியா? இதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு உண்டு மக்கா."

அந்தப் பெயரை அவன் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. குலக்கல்வி. குழுவில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் காலை வணக்கம் படம் ஒன்று போட்டார், பேச்சு மாறிவிட்டது.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரியாதபோது வழக்கமாகச் செய்வதையே செய்தேன்: மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொன்ன மூன்று இந்திய ஆவணங்கள்: 1937ஆம் ஆண்டின் ஜாகிர் உசேன் குழு அறிக்கை, 1953ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தொடக்கக் கல்வித் திட்டம், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. நான் கல்வியாளன் இல்லை, வரலாற்றாசிரியனும் இல்லை. கோட் எழுதிப் பிழைக்கிறவன். இவற்றை ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன்: மாணவன் ஒரு கட்டையைக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையில் தப்புக்கு இடமில்லை

நண்பனின் அப்பாவுடைய பட்டறை கோட்டாறு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கதவு, ஜன்னல், நிலை, கட்டில்தான் வேலை. அயனி, தேக்கு, பலா. ஸ்கூல் விட்டு வரும் வழியில் நாங்கள் வாசலில் நின்று இழைப்புச் சுருள் பொறுக்குவோம். உள்ளே கேட்கும் கணக்கு எங்கள் கணக்கு வாத்தியார் சொல்லாதது. "மூணு நூல் வையி", "ரெண்டு நூல் கொறை." ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். எட்டில் மூன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் முழிப்போம். மூணு நூலும் ரெண்டு நூலும் அஞ்சு நூல் என்று பட்டறைப் பையன் எழுதாமலே சொல்வான். பொதுப் பகுதி எண் என்பது அவன் டேப்பில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

அந்தப் பையன் என்ன செய்வான் என்றும் பார்த்திருக்கிறேன். கூட்டுவான், பலகையின் மறுமுனையைப் பிடிப்பான், சாணைக்கல்லில் தண்ணி விடுவான். ரொம்ப நாள் அதுதான். உளி அவன் கைக்குப் போகாது. கொடுமை என்று அப்போது நினைத்தேன். இப்போது கணக்கு புரிகிறது. மரம் வாடிக்கையாளருடையது. அயனிப் பலகையில் ஒரு வெட்டு தப்பினால் ஆசாரியின் அன்றைய கூலி போச்சு, பெயரும் போச்சு. கற்றுக்கொள்கிறவன் தப்பு செய்துதான் ஆகணும். ஆனால் பட்டறையில் தப்புக்கு இடமில்லை. அதனால் அங்கே கற்பது என்றால் பல வருடம் பார்த்துக்கொண்டிருப்பது. பல வருடம் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? அந்த வீட்டிலேயே பிறந்தவனால். தொழில் குலத்துக்குள்ளேயே நின்றதற்குச் சாதிதான் முதல் காரணம். ஆனால் இந்தக் கணக்கும் அதற்குத் துணை நின்றது என்று நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா கூட்டிப் போகும். பூமுகத்தின் மர விதானத்தில் 90 வகைப் பூக்கள், தாய்க் கொட்டாரத்தில் பலாமரத்தில் செதுக்கிய தூண். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள், "நம்ம முன்னோர் திறமை" என்று ஆசிரியர் சொல்வார். அந்த வரிசையில் நின்ற எங்களில் ஆசாரி வீட்டுப் பிள்ளை தவிர யாரும் ஒரு பலகையை இழைத்துப் பார்த்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவன் அப்பா கொடுக்கவில்லை.

கட்டையா, பிள்ளையா?

மரவேலையைத் தொழிலாக இல்லாமல் பாடமாக யோசித்தவர்கள் முதலில் வடக்கு ஐரோப்பாவில் இருந்தார்கள். ஃபின்லாந்தில் உனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866இல் கிராமப் பள்ளிகளில் கைவேலை பாடமாயிற்று. அவரைப் பின்பற்றி ஸ்வீடனில் ஓட்டோ சாலமன், நேஸ் என்ற பண்ணையில் ஆசிரியர்களுக்கு இதைப் பயிற்றுவித்தார். இந்த முறைக்கு ஸ்லாய்டு என்று பெயர். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே போய்ப் படித்துத் திரும்பினார்கள்.

சாலமனின் ஏற்பாடு எளிமையானது. வேலைகள் ஒரு வரிசையில் இருக்கும். முதல் கருவி கத்தி. முதல் வேலைகள் பூச்செடிக்கு ஊன்றும் குச்சி மாதிரிச் சின்னவை. அப்புறம் கரண்டி, சுத்தியல் பிடி என்று போகும். ஒவ்வொன்றும் வீட்டில் உபயோகமாகிற சாமானாக இருக்கணும். தொடக்கம் முதல் முடிவு வரை அந்தப் பிள்ளையே செய்யணும். அவரவர் வேகத்தில் போகலாம். இதற்கெல்லாம் அடியில் ஒரு தீர்மானம் இருந்தது: இந்த வகுப்பில் உருவாகிறது கரண்டி இல்லை, பிள்ளை. கரண்டி கோணலாக வந்தால் நஷ்டம் யாருக்கும் இல்லை. இன்னொன்று செய்யலாம்.

பட்டறையால் கொடுக்க முடியாத ஒன்றைப் பள்ளி கொடுக்க முடியும் என்பது இதுதான். கெடுத்துப் படிக்க ஓர் இடம்.

மரம் இதற்கு ஏன் நல்ல வாத்தியார் என்றால், அது சமாதானம் பேசாது. நாரின் போக்கிலே இழைத்தால் வழுவழுவென்று வரும், எதிர்த்து இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் அநேகமாக ஊதாது. எங்கள் ஊருக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால் வருடத்தில் ரெண்டு தடவை கதவு இறுகும். அதற்காகத்தான் கதவின் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள் அசைய விட்டுப் பூட்டுகிறார்கள். இதை இயற்பியல் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கலாம். தானே ஒட்டி, தானே வெடிக்க விட்டும் படிக்கலாம். எது மறக்காது என்று சொல்லணுமா?

ஃபின்லாந்தில் இன்றைக்கும் ஏழாம் வகுப்பு வரை ஆண், பெண் எல்லாருக்கும் கைவேலை கட்டாயப் பாடம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியின் முதல் இரண்டு வருடம் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை எல்லாரும் படிக்கிறார்கள். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் அதில் அறுத்து, அராவி, ஒட்டித்தான் தேறுகிறார்கள். யாருடைய அப்பாவும் என்ன தொழில் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

1937: விற்கணும் என்ற நிபந்தனை

தமிழ்ப் பிள்ளைகளுக்கான மரவேலை வகுப்பு ஒன்று நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது, தென்னாப்பிரிக்காவில். காந்தி 1910இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தங்கியிருந்த குடும்பங்களில் தமிழர்கள் நிறைய. அங்கே காலன்பாக்குக்குத் தச்சுவேலை கொஞ்சம் தெரியும் என்பதால் சின்னதாக ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதில்லை என்பது பண்ணையின் விதி. காந்தியே செருப்புத் தைக்கக் கற்று, சொல்லிக்கொடுத்தார். கடல் கடந்த இடத்தில், பிறப்புக்கும் தொழிலுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்த ஒரு வகுப்பு அது.

அந்த அனுபவத்தின் தூரத்துப் பிள்ளைதான் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு. அங்கே அமைத்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர். அமைப்பாளர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர். உறுப்பினர்களில் ஜே.சி. குமரப்பாவும் உண்டு. டிசம்பரில் அறிக்கை தயார். ஏழு வருடப் படிப்பு, நடுவில் ஒரு கைத்தொழில், அதைச் சுற்றி மற்ற பாடங்கள். நூற்பு நெசவுக்குத்தான் முதலிடம் என்றாலும் தச்சுவேலையும் பட்டியலில் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, எல்லாப் பிள்ளைக்கும் என்பது. வக்கீல் மகனும் நூற்கணும், நெசவாளி மகனும் நூற்கணும். தொழிலாளியை உருவாக்குவது நோக்கமில்லை, தொழிலுக்குள் இருக்கும் கல்வியை எடுப்பதுதான் நோக்கம் என்று அறிக்கை சொல்கிறது. சாலமன் சொன்னதும் இதுதான்.

இடறுகிற இடம் இன்னொன்று. பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டணும் என்று காந்தி விரும்பினார். மதுவிலக்கால் வருமானம் போகும், கல்விக்குப் பணம் வேண்டும் என்ற நெருக்கடி பின்னால் இருந்தது. ஒரு நாளைக்கு 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு என்று ஒதுக்கினார்கள். வருடத்துக்கு 288 வேலைநாள். பெருக்கிப் பார்த்தேன்: 960 மணி நேரம். தாய்மொழிக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 40 நிமிடம்.

விற்கணும் என்ற நிபந்தனை வந்த நிமிடம் பள்ளி பட்டறையாகிவிடுகிறது. கோணல் கரண்டி விலைபோகாது. கெட்ட கட்டை நஷ்டக் கணக்கில் ஏறும். அப்போது ஆசிரியர் என்ன செய்வார்? நன்றாகச் செய்கிற பிள்ளையையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார், கை வராதவனைக் கூட்டச் சொல்வார். பட்டறையில் நடந்தது அப்படியே நடக்கும். பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடலாம், ஆசிரியர்கள் பிள்ளைகளிடமிருந்து உழைப்பைக் கறக்கப் பார்க்கலாம் என்று குழுவே அறிக்கையில் எச்சரித்திருக்கிறது. ஆபத்து தெரிந்தே நிபந்தனையை வைத்துக்கொண்டார்கள். நல்ல வடிவமைப்புக்குள் தெரிந்தே விட்ட ஒரு பக். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த பக்தான் கடைசியில் மொத்தத்தையும் கவிழ்க்கும்.

1953: பாதிப் பள்ளிக்கூடம்

அடுத்தது ராஜாஜியின் திட்டம். 1953 ஜூனில் சென்னை மாகாணக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவு படிக்கும்போது மற்றது வெளியே. வெளியே இருக்கும் நேரத்தில் அப்பாவின் தொழிலுக்கு உதவலாம், கிராமத்துக் கைவினைஞர்களிடம் பார்த்துக் கற்கலாம், பெண் பிள்ளைகள் வீட்டு வேலை செய்யலாம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது நிர்வாகக் கணக்கு.

பெரியாரும் தி.மு.க.வும் இதைக் குலக்கல்வி என்றார்கள். பெரிய போராட்டம் நடந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. திட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லையே என்று ராஜாஜிக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. சொல் இருக்கத் தேவையில்லை. அப்பாவின் தொழில் என்று சொன்னாலே அந்தக் காலத்துக் கிராமத்தில் அது சாதிதான். அது போக, நகராட்சிகளில் இந்தத் திட்டம் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி, கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாள். கைத்தொழில் அவ்வளவு நல்ல பாடம் என்றால் நகரத்துப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை?

என் கேள்வியை இங்கே வைத்தால் பதில் இன்னும் தெளிவு. இந்தத் திட்டத்தில் மரவேலை பள்ளிக்குள் வரவே இல்லை. பிள்ளைதான் வெளியே போனான். கட்டையைக் கெடுத்தால் அப்பாவின் கூலி போகும். அதனால் அவன் உளியைத் தொடப்போவதில்லை, கூட்டத்தான் போகிறான். கூடவே, பள்ளி நேரத்தில் ஒரு பகுதியையும் இழக்கிறான். வார்தா திட்டத்தில் கெட்டது ஒரு நிபந்தனை. இதில் கெட்டது அடிப்படை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது நியாயமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கைத்தொழில், பள்ளி என்ற இரண்டு சொல் சேர்ந்து வந்தாலே 1953 மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 1937 அதன் நிழலில் மறைந்துபோயிற்று.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1953இல் கோட்டாறு சென்னை மாகாணத்திலேயே இல்லை, திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ராஜாஜி திட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தொட்டதே இல்லை. இதைக் கண்டுபிடித்ததும் நண்பனிடம் சொல்லி ஜெயித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடமே வெட்கமாக இருந்தது. அவன் அப்பா உளியை ஒளித்து வைத்தது ஒரு அரசாணைக்குப் பயந்து இல்லை. ஆணை எதுவும் இல்லாமலே, ஆசாரி மகன் ஆசாரி என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்ததற்குப் பயந்து. திட்டம் வராத ஊரிலும் குலக்கல்வி இருந்தது. திட்டம் அதற்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான்.

2020: பத்து நாள்

இடையில் நிறைய நடந்தது. கோத்தாரி குழு வேலை அனுபவம் என்றது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. நோக்கம் நல்லது. எங்கள் காலத்தில் அது எப்படி நடந்தது என்றால், பத்தாம் வகுப்பு மார்க் வந்ததும் மேலே உள்ளவர்கள் கணக்கு, அறிவியல், கீழே உள்ளவர்கள் தொழிற்கல்வி. "ஒனக்குப் படிப்பு வராது, கைவேலையாவது படி" என்று சொல்லி அனுப்புவார்கள். கை என்பது தலை இல்லாதவனுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு.

2020 கொள்கை இந்தத் தப்பைத் திருத்தப் பார்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ளணும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவரும் கைத்தொழில் பழகணும் என்கிறது. அது சொல்லும் முதல் உதாரணமே தச்சுவேலைதான். கூடவே புத்தகப் பை இல்லாத பத்து நாள்: உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் பிள்ளைகள் போய்ப் பழகலாம்.

எல்லாருக்கும் என்பது சரி. ஆனால் எவ்வளவு? பத்து நாள், நாளுக்கு ஐந்து மணி என்று வைத்தால் 50 மணி நேரம். வார்தாக்காரர்கள் 960 என்றார்கள், இவர்கள் 50. அதில் உளி தீட்டக் கற்கவே முதல் இரண்டு நாள் போய்விடும். தப்பு செய்யலாம், அதைத் திருத்த நாள் இருக்காது. மேலும் பிள்ளை போவது மறுபடி பட்டறைக்கு. அங்கே மரம் இன்னொருவர் சொத்து. ஆசாரி பாவம், நாற்பது பிள்ளைகளை வாசலில் நிற்க வைத்துச் செய்து காட்டுவார். பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். பத்மநாபபுரம் சுற்றுலா மாதிரியே இதுவும் ஒரு சுற்றுலா.

இதை மறுபடி குலக்கல்வி என்கிறார்கள் தமிழ்நாட்டில். ஆறாம் வகுப்பு மாணவர் எல்லாரும் பத்து நாள் தச்சரிடம் போவதை அப்படிச் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023இல் வந்தபோது குடும்பத் தொழில் என்ற நிபந்தனை அதில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லித் தமிழ்நாடு அரசு எழுதியது, நடக்கவில்லை, பிறகு அந்த நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது. அதாவது, சாதியைக் கழித்துவிட்டுத் தொழிலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. பெரியவர்களுக்குச் சரி என்றால் ஒன்பதாம் வகுப்புக்கு ஏன் சரியாகாது?

என் முதல் உளி

நான் உளியைப் பிடித்தது 18 வயதில். பி.இ. முதல் வருடம், வொர்க்‌ஷாப் வகுப்பு, கார்பெண்டரி ஷாப். காக்கிச் சட்டை போட்டு, இரண்டு கட்டைகளைப் பாதி பாதி வெட்டிப் பொருத்தும் ஒரு இணைப்பு. எனக்கு ஒரு பக்கம் ரெண்டு நூல் இடைவெளி. மார்க் போகுமே என்று அங்கிருந்த உதவியாளர் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துக் கொடுத்தார். பாஸ்.

அந்த வகுப்பில் எல்லாச் சாதிப் பையன்களும் இருந்தோம், பெண்களும் இருந்தார்கள். அதை யாரும் குலக்கல்வி என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் அங்கே எங்கள் எதிர்காலம் பணயமாக இல்லை. கட்டை கெட்டால் கல்லூரி இன்னொரு கட்டை தரும். நாங்கள் எப்படியும் என்ஜினீயர்கள். ஆக, கெடுத்துப் படிக்கிற உரிமையை இந்த நாடு யாருக்குக் கொடுக்கிறது என்றால், பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவனுக்கு. மார்க் வாங்காதவன் கட்டையைத் தொட்டால் அது அவன் விதி. எங்களுக்கு அது பாடம். ஒரே உளிதான்.

இதே வித்தியாசத்தை இன்றைய பள்ளிகளிலும் பார்க்கலாம். 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன, த்ரீடி பிரிண்டரோடு. பிள்ளை ஒரு பிளாஸ்டிக் சாவிக்கொத்து அச்சடித்தால் புதுமை. அதையே பூவரசங்கட்டையில் செதுக்கினால் கைத்தொழில். எனக்கு த்ரீடி பிரிண்டர் மேல் கோபம் இல்லை. ஆனால் அது தப்பை மறைத்துவிடும். நாரின் போக்கு அதற்கு இல்லை, ஐப்பசி மழைக்கு அது ஊதாது.

கூர்மையான கருவி, பிள்ளைகள், ஆபத்து என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் அதிகம் காயம் ஆக்குவது மழுங்கின உளி. வெட்டாததால் பலம் கொடுத்து அழுத்துவோம், வழுக்கும். உளி கூராக இருக்கணும், இரண்டு கையும் கூர்முனைக்குப் பின்னால் இருக்கணும், கட்டை இடுக்கியில் இறுகி இருக்கணும். இந்த மூன்றையும் பழகவே ஒரு மாதம் ஒதுக்கணும். பத்து நாளில் முடியாது என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

பதில்

மூன்று வாரம் கழித்து நண்பனுக்குத் தனியாக எழுதினேன். நீ சொன்னது சரி, நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன் என்று தொடங்கி, நாலு நிபந்தனை சொன்னேன்.

ஒன்று, ஒன்பதாம் வகுப்பில் எல்லாருக்கும். முதல் ரேங்க் வாங்கும் பெண்ணுக்கும். படிப்பு வராதவனுக்கு என்று பிரித்தால் அன்றைக்கே அறையைப் பூட்டிவிடணும்.

இரண்டு, வேறு எந்தப் பாடத்துக்கும் பதிலாக இல்லை. வாரம் இரண்டு மணி, இரண்டு வருடம். மார்க் கிடையாது.

மூன்று, செய்ததை விற்கக் கூடாது. விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினருக்குப் பரிசாகக் கொடுக்கவும் கூடாது. பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். வாங்குகிற மரத்தில் பாதி வீணாகும் என்று முதலிலேயே கணக்கு எழுதிவிடணும்.

நாலு, சொல்லிக்கொடுக்க வருகிற ஆசாரிக்கு மற்ற ஆசிரியர்களைப் போல மணிக்கணக்கில் சம்பளம். அவருக்கு ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி. பிள்ளைகள் அவரை சார் என்று கூப்பிடணும்.

அன்று ராத்திரியே பதில் வந்தது.

"நாலாவது நெசமாவா சொல்லுத? எங்க அப்பா எத்தனையோ ஸ்கூலுக்கு பெஞ்சு அடிச்சுக் குடுத்திருக்காரு. எங்கயும் அவர நாற்காலியில இருக்கச் சொன்னது கெடையாது."

கொஞ்சம் கழித்து இன்னொன்று:

"மொதல்ல ஒம் பிள்ளைக்குச் சொல்லிக்குடு. ஊரான் பிள்ளைக்கு அப்புறம் பாக்கலாம்."

என் மகளும் ஒன்பதாம் வகுப்புதான். பைத்தான் எழுதுவாள். உளி பிடித்ததில்லை, நானே பி.இ.யோடு விட்டவன். நாலு பலகையில் ஒரு சின்னத் தட்டு செய்யலாம் என்று உட்கார்ந்தோம். முதல் தட்டின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் மூணு நூல் வித்தியாசம், சதுரம் சாய்சதுரமாகியிருந்தது. "இத யாருக்கும் காட்டாதப்பா" என்றாள். பசை காய்வதற்குள் உடைத்துவிட்டு, புதுப்பலகை கேட்டாள். இரண்டாவது தட்டில் ஒரு நூல்தான் வித்தியாசம். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் தட்டை உடைத்திருக்க வேண்டாம் என்றாள்.

இரண்டாவது தட்டின் படத்தை நண்பனுக்கு அனுப்பினேன். நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

"மூலைமட்டம் வச்சுப் பாத்தியளா?" என்று கேட்டான். "எங்க அப்பாவுக்க மூலைமட்டம் வீட்ல கெடக்கு. அடுத்த தடவ ஊருக்கு வரும்போ எடுத்துக்கிட்டுப் போ."

குழுவில் இன்னும் முடிவாகவில்லை. த்ரீடி பிரிண்டர் கட்சிதான் இப்போதைக்கு முன்னால் இருக்கிறது.